மௌனம் சம்மதமா? இலவசச் சோதனைக் காலத்துக்கு எல்லை எங்கே?

ஆஹெனில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி முடியும் நேரம், வாசலில் நிற்கும் பெற்றோரில் ஒருவராவது கையில் ஒரு கடிதத்தோடு நிற்பார். வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம், காப்புறுதிக் கடிதம், வீட்டு உரிமையாளரின் கடிதம் என்று ஏதாவது ஒன்று. அண்மையில் ஒரு தாய் கொண்டுவந்தது இவற்றில் எதுவும் இல்லை. கடன் அறவிடும் இன்காசோ நிறுவனம் ஒன்றின் கடிதம் அது.

அவருடைய 13 வயது மகள் கணிதப் பரீட்சைக்குப் படிப்பதற்காக ஒரு கற்றல் தளத்தில் பதிவு செய்திருக்கிறாள். "7 நாட்கள் இலவசம்" என்று போட்டிருந்தது. பெயரும் பிறந்த திகதியும் தன்னுடையதையே கொடுத்திருக்கிறாள். வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் தாயின் அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறாள். பரீட்சை முடிந்ததும் கைத்தொலைபேசியிலிருந்து செயலியை அழித்துவிட்டாள். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். எட்டாம் நாள் அது ஆண்டுச் சந்தாவாக மாறியது. கணக்கில் போதிய காசு இல்லாததால் பணம் எடுபடவில்லை. பிறகு மானுங் எனப்படும் நினைவூட்டல் கடிதங்கள், அதன்பின் இன்காசோ. 95 யூறோவாகத் தொடங்கியது 150 யூறோவைத் தாண்டி நின்றது.

"கட்டிவிடுவம் அண்ணை. சிற்றிசன் அலுவல் நடந்துகொண்டிருக்கு. இந்த நேரத்திலை ஒரு பிரச்சினையும் வேண்டாம்" என்றார் அந்தத் தாய்.

அவர் ஒரு சதமும் கட்டவேண்டியிருக்கவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், "இலவசமாகப் பாவித்துப் பாருங்கள்" என்பது எப்படி ஒரு கடன் கடிதமாக மாறுகிறது, அந்தச் சோதனைக் காலத்துக்கு நியாயமான எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பவற்றை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பதிவு செய்கிறார்கள், பெற்றோர் கணக்கிலிருந்து காசு போகிறது, கடிதத்தை வாசிப்பதற்கும் திரும்பப் பிள்ளைதான் வேண்டியிருக்கிறது. ஆகவே இது எங்களுக்கு நெருக்கமான விடயம்.

இலவசம் என்பது அன்று

புலம்பெயர்ந்த முதல் தலைமுறைக்கு மென்பொருளில் "இலவசம்" என்ற சொல் நல்ல அனுபவமாகவே வந்தது. 1990களில் கணினியில் தமிழ் எழுத விரும்பியவர்களுக்கு, சுவிற்சர்லாந்தின் லௌசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் தன் "மயிலை" எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார். தரவிறக்கினோம், எழுதினோம். யாரும் வங்கி இலக்கம் கேட்கவில்லை.

பாவித்துப் பார்த்த பின் பணம் கொடுக்கும் முறையும் அப்படி நாணயமாகத்தான் ஆரம்பித்தது. 1982இல் அமெரிக்காவில் அன்ட்ரூ ஃபுளூகெல்மன் என்பவர் பிசி-ரோக் என்ற தகவல் தொடர்பு மென்பொருளைத் தாராளமாகப் பிரதியெடுக்க விட்டார். பிடித்தவர்கள் 25 டொலர் அனுப்பினால் போதும் என்றார். அதே காலத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த ஜிம் க்னொப் என்பவரும் பிசி-ஃபைல் என்ற தன் மென்பொருளை அவ்வாறே கொடுத்தார். ஜேர்மன் மொழியில் க்னொப் என்றால் பொத்தான். அதனால் ஆங்கிலத்தில் ஜிம் பட்டன் என்ற பெயரில் எழுதினார், நிறுவனத்துக்கும் பட்டன்வெயார் என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு பொப் வொலஸ் தன் பிசி-றைற் மென்பொருளோடு இந்த முறைக்கு "ஷெயார்வெயார்" என்ற பெயரைப் பரப்பினார்.

இவர்களின் முறையில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பாவித்தவர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஒன்றும் நடக்காது. பணம் போவதென்றால் அவரே எழுந்து காசோலை எழுதி அனுப்ப வேண்டும்.

எல்லை போடும் நான்கு வழிகள்

மென்பொருள் செய்பவரும் சாப்பிட வேண்டும். எல்லையே இல்லாத சோதனைக் காலம் கொடுத்தால் பலர் பணம் கட்டமாட்டார்கள். ஆகவே எல்லை வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிப்பட்ட எல்லை என்பதே கேள்வி.

முதலாவது வழி நாள் கணக்கு. 7, 14, 30 என்று நாட்கள் முடிந்ததும் மென்பொருள் பூட்டிக்கொள்ளும். இரண்டாவது, வசதிகளைக் குறைப்பது. எழுதலாம், ஆனால் சேமிக்க முடியாது. படம் செய்யலாம், ஆனால் அதன் மேல் நிறுவனத்தின் பெயர் விழும். மூன்றாவது, பாவனையின் அளவு. பத்துக் கோப்புகள், ஐந்து பாடங்கள் என்று எண்ணிக்கை வைப்பது. நான்காவது வழியில் மென்பொருள் பூட்டுவதே இல்லை. நாட்கள் முடிந்ததும் தானாகக் கட்டணச் சந்தாவாக மாறிவிடும்.

முதல் மூன்றும் மென்பொருளுக்குப் போடும் எல்லைகள். நான்காவது, பாவிப்பவருடைய ஞாபகத்துக்கு வைக்கும் சோதனை. மறந்தவர் பணம் கட்டுகிறார். அந்தத் தாயின் வீட்டில் நடந்தது இதுதான்.

நாள் கணக்கிலும் நியாயமானதும் அல்லாததும் உண்டு. கோப்புகளை ஒப்பிட உதவும் பியொண்ட் கொம்பேயார் மென்பொருளின் 30 நாள் சோதனை, நாட்காட்டி நாட்களை எண்ணுவதில்லை. அதைத் திறந்து பாவித்த நாட்களை மட்டும் எண்ணுகிறது. இரண்டு நாட்களுக்கு ஒருமுறை திறந்தால் 60 நாட்கள் வரும். ஒலிப்பதிவுக்குப் பயன்படும் றீப்பர் 60 நாட்கள் கொடுக்கிறது. அதன்பின் வாங்கச் சொல்லி ஞாபகப்படுத்திக்கொண்டே வேலை செய்கிறது. கோப்புகளைச் சுருக்கும் வின்றார் மென்பொருளை எங்களில் பலர் பாவித்திருப்போம். ஜேர்மன் நிறுவனமொன்று விற்கும் அதன் சோதனைக் காலம் 40 நாட்கள். நாள் கடந்த பின்னும் திறந்துகொண்டே இருப்பது இணையத்தில் பெரிய பகிடி. ஆயினும் நிறுவனம் இன்றும் இருக்கிறது.

மறுபக்கத்தில், ஏழு நாள் என்று சொல்வது பல வேளைகளில் ஏழு நாளும் இல்லை. அப்பிள் தளத்தில் எடுக்கும் சோதனைச் சந்தாவை, முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக நிறுத்த வேண்டும். ஏழாம் நாள் மாலை ஞாபகம் வந்தால் பிந்திவிட்டது. செயலியை அழிப்பது சந்தாவை நிறுத்துவதும் ஆகாது. அப்பிளிலும் கூகிளிலும் இதே நிலைமைதான்.

அட்டை இலக்கம் ஏன் வந்தது?

முன்னைய மென்பொருட்கள் முதல் நாள் திறந்த திகதியைக் கணினிக்குள்ளேயே எங்காவது எழுதி வைத்தன. சிலர் கணினியின் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பி ஏமாற்றினார்கள். கடைசியாகத் திறந்த திகதியையும் மென்பொருட்கள் குறித்து வைத்து அதைப் பிடித்தன. அழித்து மீண்டும் நிறுவினார்கள். அதனால் கணக்கு நிறுவனத்தின் சேர்வருக்கு மாறியது. உடனே புதுப்புது மின்னஞ்சல் முகவரிகளில் பதிந்தார்கள். அட்டை இலக்கம் தந்தால்தான் சோதனை என்று பல நிறுவனங்கள் கேட்பதற்குச் சொல்லும் காரணம் இதுதான்: ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவதைத் தடுப்பது.

அந்தக் காரணம் பொய் அல்ல. ஆனால் ஒருவரை அடையாளம் காண்பதற்கு வாங்கிய இலக்கத்தை, அவர் பேசாமல் இருக்கும்போது பணம் எடுக்கவும் பாவிக்கலாம் என்பது வேறு முடிவு. முதலாவது தேவைக்காக இரண்டாவதையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஐரோப்பிய நீதிமன்றம் என்ன சொன்னது?

இந்தக் கேள்வி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. அதுவும் மாணவர்களுக்கான கற்றல் தளம் ஒன்றைப் பற்றிய வழக்கில். பேர்லினைச் சேர்ந்த சோஃபாரியூற்றர் நிறுவனத்தின் விதிகளின்படி முதல் 30 நாட்கள் இலவசம். அதற்குள் நிறுத்தாவிட்டால் கட்டணச் சந்தா தொடங்கும். ஒஸ்ரியாவின் நுகர்வோர் தகவல் சங்கம் வழக்குத் தொடுத்தது. வாதம் எளிமையானது. இணையத்தில் செய்த ஒப்பந்தத்தைக் காரணம் சொல்லாமல் 14 நாட்களுக்குள் மீளப்பெற நுகர்வோருக்கு உரிமை உண்டு. ஜேர்மனியில் இதை விடறூஃப் என்பார்கள். பதிந்த நாளிலிருந்தே அந்த 14 நாட்கள் ஓடத் தொடங்கினால், 30 நாள் இலவசக் காலத்தின் நடுவிலேயே உரிமை முடிந்துவிடும். முதல் சதம் போவதற்கு முன்பே பாதுகாப்புப் போய்விடும்.

2023 ஒக்ரோபர் 5ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மீளப்பெறும் உரிமை ஒரு முறைதான், அது பதிந்த நேரத்துக்கே உரியது என்றது நீதிமன்றம். ஆனால் ஒரு முக்கியமான நிபந்தனை வைத்தது. இலவசக் காலம் முடிந்ததும் பணம் கட்ட வேண்டும் என்பதைப் பதியும் வேளையிலேயே தெளிவாக, விளங்கும்படி, வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால், இலவசக் காலம் முடிந்த பின் நுகர்வோருக்குப் புதிதாக ஒரு மீளப்பெறும் உரிமை பிறக்கிறது.

இது பாதி வெற்றிதான். தெளிவாக எழுதிய நிறுவனத்தை இந்தத் தீர்ப்பு தொடாது. தெளிவாக எழுதியிருந்தாலும், ஜேர்மன் மொழியில் தடுமாறும் ஒரு தாய்க்கும் 13 வயதுப் பிள்ளைக்கும் முப்பது நாட்களுக்குப் பின்னும் அது ஞாபகத்தில் இருக்குமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஜேர்மன் சட்டத்தில் மூன்று பொத்தான்கள்

ஜேர்மனியில் எங்களுக்குக் கையில் இருப்பவை இவை. 2012 ஓகஸ்ட் 1 முதல், பணம் கட்டும் கடப்பாடு உள்ள எந்த இணைய ஒப்பந்தத்துக்கும் கடைசிப் பொத்தானில் "பணம் செலுத்தும் கடப்பாட்டுடன் கட்டளையிடுகிறேன்" என்ற பொருள்படும் வாசகம் மட்டுமே இருக்க வேண்டும். ஜேர்மன் மொழியில் "சாலுங்ஸ்ஃபிளிக்ரிக் பெஸ்ரெலன்" என்று காண்பீர்கள். அப்படி இல்லாவிட்டால் நுகர்வோர் பணம் கட்டக் கட்டுப்பட்டவர் அல்ல.

2022 மார்ச் 1 முதல் செய்யப்பட்ட ஒப்பந்தங்களில், முதல் காலம் முடிந்தபின் தானாக இன்னொரு ஆண்டுக்கு நீட்ட முடியாது. காலவரையறை இல்லாமல் மட்டும் நீளலாம். ஒரு மாத அறிவித்தலோடு எப்போதும் வெளியேறலாம். 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்கும் தளத்தில் அதை நிறுத்தும் பொத்தானும் இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால், காத்திருப்புக் காலம் எதுவும் இல்லாமல் எப்போதும் நிறுத்தலாம். மூன்றாவது, ஒப்பந்தத்தை மீளப்பெறும் பொத்தான். அதை 2026 ஜூன் 19 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கட்டாயமாக்குகிறது.

ஆஹெனிலிருந்து பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் நெதர்லாந்தின் வால்ஸ் ஊருக்குப் போய்விடலாம். மறுபக்கம் பெல்ஜியம். இணையத்தில் எல்லைகள் அதைவிடக் கிட்ட. ஒரு நிறுவனம் அயர்லாந்திலோ நெதர்லாந்திலோ பதிந்திருந்தாலும், அது ஜேர்மனியில் வசிப்பவர்களை நோக்கி விற்றால், ஜேர்மன் நுகர்வோர் பாதுகாப்பு எங்களுக்குக் கிடைக்கும். "நாங்கள் வேறு நாட்டு நிறுவனம்" என்ற பதிலைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம்.

மற்ற நாடுகள்

இந்தியாவில் ரிசேர்வ் வங்கி 2021 ஒக்ரோபர் 1 முதல் ஒரு விதியை அமுல்படுத்தியது. அட்டையிலிருந்து தானாகத் திரும்பத் திரும்ப எடுக்கும் பணத்துக்கு, எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு வங்கி அறிவிக்க வேண்டும். அவர் அப்போதே மறுக்கலாம். பிரித்தானியா 2024இல் இயற்றிய சட்டத்தில், இலவசச் சோதனை கட்டணச் சந்தாவாக மாறும்போது மீண்டும் ஒரு 14 நாள் விலகும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. சந்தாக்கள் பற்றிய அந்தப் பகுதி மட்டும் உடனே அமுலுக்கு வரவில்லை. சோஃபாரியூற்றர் வழக்கில் ஒஸ்ரியச் சங்கம் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். அமெரிக்காவில் சந்தாவை இலகுவாக நிறுத்த வழி செய்யும் விதியொன்றை வணிக ஆணையம் 2024இல் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது.

2019இல் மாஸ்ரர்காட் நிறுவனம், சோதனைக் காலம் முடிந்ததும் பணம் எடுப்பதற்கு முன் வாடிக்கையாளரின் சம்மதத்தை விற்பவர் மீண்டும் பெற வேண்டும் என்று விதித்தது. ஆனால் கையில் வரும் பொருட்களுக்கு மட்டும். மென்பொருளுக்கு அல்ல. இது முடியாத காரியம் அல்ல என்பதற்கு அந்த விதியே சாட்சி.

எல்லை எப்படி இருக்க வேண்டும்?

"மௌனம் சம்மதம்" என்று எங்களிடம் ஒரு பேச்சு உண்டு. கல்யாணப் பேச்சில் அது எந்தளவுக்குச் சரி என்பதே இன்று கேள்விக்குரியது. காசு விடயத்தில் அது அறவே சரி அல்ல. சோதனைக் காலம் எத்தனை நாள் என்பதைவிட, அது முடியும் நாளில் பேசாமல் இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்பதுதான் முதன்மையானது. ஒன்றும் நடக்கக் கூடாது. மென்பொருள் பூட்டிக்கொள்ளட்டும், வசதிகள் குறையட்டும். பணம் மட்டும் போகக் கூடாது.

இதை ஏற்றுக்கொண்டால் மற்றவை தானாக வரும். பணம் எடுப்பதற்கு முன், காலம் முடிந்த பின் ஒரு புதிய "ஆம்" கேட்க வேண்டும். சட்டம் அவ்வளவு தூரம் போகாதவரை, குறைந்தது சில நாட்கள் முன்னதாகத் தொகையையும் திகதியையும் சொல்லி ஞாபகப்படுத்த வேண்டும். சோதனைக் காலம் ஒரு முழு வேலையைச் செய்து பார்க்கப் போதுமானதாக இருக்க வேண்டும்: கணக்கு எழுதும் மென்பொருளுக்கு ஒரு மாத முடிவாவது வர வேண்டும், கற்றல் தளத்துக்கு ஒரு பாடத்தின் ஒரு பகுதியாவது முடிய வேண்டும். பூட்டிய பின்னும், பாவித்தவர் எழுதியதையும் சேர்த்ததையும் வெளியே எடுக்க விட வேண்டும். அது அவருடையது. பதிவு செய்பவர் பிள்ளை என்று பிறந்த திகதியே சொல்லும்போது, பெற்றோரைக் கேட்காமல் மேலே போகக் கூடாது.

ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். நாளை செயலி செய்து விற்பவர்கள் அவர்கள். மறந்துபோனவர்களிடமிருந்து வரும் வருமானம் கணக்கில் நன்றாகத் தெரியும். ஆனால் அது மென்பொருள் நல்லது என்பதற்கான சான்று அல்ல. தாமாக வந்து வாங்கியவர்களின் எண்ணிக்கைதான் அந்தச் சான்று.

கடிதம் வந்துவிட்டால்

முதலில் பயப்பட வேண்டாம். இன்காசோ நிறுவனம் நீதிமன்றம் அல்ல. தனியார் நிறுவனமொன்றின் கட்டணக் கோரிக்கையை மறுப்பது குற்றமும் அல்ல. ஆனால் கடிதத்தை லாச்சிக்குள் வைத்து மறக்கவும் கூடாது. கோரிக்கையை ஏற்கவில்லை என்று எழுத்தில் அறிவியுங்கள். மறுக்கப்பட்ட கடனை ஷூஃபா கடன் பதிவுக்கு வெறுமனே அனுப்பிவிட முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பற்று முறையில் எடுத்த பணத்தை 8 வாரங்களுக்குள் காரணம் சொல்லாமல் வங்கியூடாகத் திரும்பப் பெறலாம். அனுமதியே கொடுக்காத பற்று என்றால் 13 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. பணம் திரும்பினாலும் ஒப்பந்தம் முடிந்துவிடாது. அதைத் தனியே நிறுத்த வேண்டும்.

நீதிமன்றத்திலிருந்து மஞ்சள் உறையில் மான்பெஷைட் வந்தால் மட்டும் தாமதம் வேண்டாம். இரண்டு வாரங்களுக்குள் அதோடு வரும் படிவத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் நோர்த்றைன்-வெஸ்ற்ஃபாலன் நுகர்வோர் மையத்தின் ஆலோசனை நிலையம் ஆஹெனிலேயே இருக்கிறது. ஆலோசனைக்குக் கட்டணம் உண்டு. ஆனாலும் வீணாகக் கட்டும் ஓர் ஆண்டுச் சந்தாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதியும்போதும் சில பழக்கங்கள் உதவும். சோதனைச் சந்தா எடுத்த அன்றே அதை நிறுத்திவிடுங்கள். பல தளங்களில் மீதி நாட்களைத் தொடர்ந்து பாவிக்கலாம். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை வைத்திருங்கள். "உடனே ஆரம்பியுங்கள், என் விடறூஃப் உரிமை இல்லாமல் போவது எனக்குத் தெரியும்" என்ற பெட்டியில் அடையாளம் இடுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். டிஜிற்றல் பாடங்கள், காணொளிகள் போன்றவற்றில் அந்த ஒரு அடையாளம் 14 நாட்களையும் இல்லாமற் செய்துவிடலாம்.

அந்தத் தாயின் விடயத்துக்கு வருகிறேன். ஜேர்மன் குடியியல் சட்டத்தின்படி 7 முதல் 17 வயது வரையான பிள்ளை தனியே செய்யும் இப்படியான ஒப்பந்தம், பெற்றோர் சம்மதிக்கும்வரை அந்தரத்தில் நிற்கும். பெற்றோர் மறுத்தால் அது செல்லாது. கைச்செலவுக் காசில் உடனே முழுவதும் கட்டி வாங்கிய பொருளுக்கு விதிவிலக்கு உண்டு. தொடர்ந்து பணம் கேட்கும் சந்தா அதற்குள் அடங்காது. மகள் தன் உண்மையான பிறந்த திகதியையே கொடுத்திருந்ததும் உதவியது. அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினோம். "எங்கள் மகள் செய்த ஒப்பந்தத்துக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை" என்பதுதான் அதன் சாரம். பதிவுத் தபாலில் அனுப்பினார். மூன்று வாரத்தில் கோரிக்கை கைவிடப்பட்டது என்று பதில் வந்தது.

அந்தக் கடிதத்தை மகளே தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். "இனி எதிலையும் பதியிறதுக்கு முதல் என்னட்டைக் கேள் எண்டு சொன்னனான்" என்றார் தாய், அடுத்த சனிக்கிழமை. பிள்ளையிடம் அவர் சொன்னதையே நாங்கள் நிறுவனங்களிடமும் கேட்கிறோம்: எடுப்பதற்கு முதல் கேளுங்கள்.